மண்வெட்டியை யாராவது வாடகைக்கு எடுப்பார்களா? ஒருமுறை பணம் கொடுத்து வாங்கத்தக்க செயலிகள்

பல்லடம் பக்கம் விசைத்தறிக் கூடம் வைத்திருக்கும் என் மாமா போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தார். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: “செல்போனில் காசு கொடுத்து ஒன்றை வாங்கினால் அது நம்முடையது ஆகிவிடுமா கண்ணு? இல்லை, மாதாமாதம் பிடித்துக்கொண்டே இருப்பார்களா?”

இரண்டும் நடக்கும். எது எந்த வகை என்பதை வாங்குவதற்கு முன்பே கண்டுபிடித்துவிடலாம். மாமாவுக்கு அன்று சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். செயலிக்கு இதுவரை ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதவர்களுக்காக எழுதுவது இது.

எங்கள் ஊர்ப்பக்கம் உழவு ஓட்ட டிராக்டரை மணிக்கணக்கில் வாடகைக்குப் பேசுவோம். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை தேவைப்படும் ஒன்றுக்காக லட்சக்கணக்கில் முதல் போட எல்லோராலும் முடியாது. ஆனால் மண்வெட்டியை யாரும் வாடகைக்கு எடுப்பதில்லை. சந்தையில் நாலைந்தைத் தூக்கிப் பார்த்து, கைக்குப் பொருந்துவதை வாங்கிவந்து, பிடி போனால் பிடியை மட்டும் மாற்றிக்கொள்கிறோம். செயலிகளையும் இப்படித்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். உங்கள் படங்களைத் தன் கணினிகளில் சேமித்து வைக்கும் நிறுவனத்துக்கு மாதந்தோறும் மின்சாரச் செலவும் வட்டுச் செலவும் இருக்கின்றன. அது மாதக் கட்டணம் கேட்பது நியாயம். போனில் உள்ள கோப்புகளைப் பார்க்கவும் நகர்த்தவும் உதவும் கோப்பு மேலாளர், பாட்டுக் கேட்கும் செயலி போல உங்கள் போனுக்குள் மட்டுமே வேலை செய்பவற்றுக்கு அப்படிப்பட்ட செலவு இல்லை. அவற்றுக்கு மாதாமாதம் கொடுப்பதற்கு முன் ஏன் என்று கேளுங்கள்.

முதல் படி: கணக்கு உங்களுடையதா?

எல்லோரும் எந்தச் செயலி நல்லது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நான் முதலில் கேட்பது, “உங்கள் ஜிமெயில் கடவுச்சொல் தெரியுமா?” என்று.

நீங்கள் வாங்கும் செயலி போனில் ஒட்டிக்கொள்வதில்லை. அது கூகுள் கணக்கின் பெயரில் பதிவாகிறது. ஐபோனில் ஆப்பிள் கணக்கின் பெயரில். நம் ஊர்களில் எத்தனையோ பேர் போன் வாங்கிய கடையிலேயே, கடைப் பையன் அவசரத்தில் உருவாக்கிக் கொடுத்த கணக்கைத்தான் வைத்திருக்கிறார்கள். கடவுச்சொல் மறந்தால் கணக்கைத் திரும்பப் பெற உதவும் மீட்பு எண்ணாக யாருடைய எண் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. போன் உடைந்து புதியது வாங்கினால் மறுபடியும் ஒரு புதுக் கணக்கு. அதோடு பழைய கணக்கில் வாங்கியதெல்லாம் கைவிட்டுப் போகும். என் மாமாவின் போனில் மூன்று கணக்குகள் இருந்தன. மூன்றுக்கும் கடவுச்சொல் தெரியவில்லை. அன்று இரவு எட்டு மணி வரை உட்கார்ந்து ஒன்றை மட்டும் மீட்டோம். அவருடைய எண்ணையும் அத்தையின் எண்ணையும் மீட்புக்குக் கொடுத்து, கடவுச்சொல்லைக் கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி பீரோவில் வைத்தோம். காகிதத்தில் எழுதக்கூடாது என்று சொல்பவர்கள் உண்டு. மறந்துபோவதைவிட, வீட்டுப் பீரோவில் பூட்டி வைத்த காகிதம் மேல் என்பது என் கருத்து.

இரண்டு ஆண்டுகள் தொடாமல் விடப்படும் தனிநபர் கணக்குகளை நீக்கிவிடலாம் என்று கூகுள் விதி வைத்திருக்கிறது. அப்படி நீக்கும் வேலை 2023 டிசம்பரில் தொடங்கியது. எனவே ஒரே கணக்கை வைத்துக்கொண்டு அதையே தொடர்ந்து பயன்படுத்துங்கள்.

இரண்டாம் படி: இலவசமாகக் கிடைப்பதை முதலில் கழித்துவிடுங்கள்

டார்ச், கியூஆர் குறியீடு படிப்பது, திசைகாட்டி, குரல் பதிவு ஆகிய எதற்கும் காசு கொடுக்காதீர்கள். அநேகமாக எல்லாப் போன்களிலும் இவை கூடவே வருகின்றன. தமிழில் தட்டச்சு செய்ய கூகுளின் ஜிபோர்டும் செல்லினமும் இலவசம். படம் பார்க்க விஎல்சி இலவசம். நெல், மஞ்சள், தேங்காய் விலையும் மானிய விவரமும் வேண்டுமென்றால் தமிழ்நாடு அரசின் உழவன் செயலி இருக்கிறது, 2018-இல் வந்தது. அதுவும் இலவசம். பட்டா, சிட்டாவை அரசின் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். அதைக் காட்டுவதற்குக் காசு கேட்கும் தனியார் செயலி எதுவாக இருந்தாலும் உங்களுக்கு வேண்டாம்.

பில்லை ஸ்கேன் செய்வதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும். அதில்தான் நான் சூடுபட்டேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். ஜாப் ஒர்க் சீட்டுகளையும் நூல் பில்களையும் அனுப்புவதற்காக ஒரு ஸ்கேன் செயலியை இறக்கினேன். ‘மூன்று நாள் இலவசம்’ என்று இருந்ததைத் தொட்டேன். இரண்டு நாளில் பிடிக்காமல் அழித்துவிட்டேன். அடுத்த வாரம் ஆண்டுக் கட்டணமாக 1,800 ரூபாய்க்கு மேல் போய்விட்டது. செயலியை அழித்தால் சந்தா தானாக நிற்காது என்பது எனக்குத் தெரியாது. பணம் எடுப்பதற்கு முந்தைய நாளே அறிவிப்பு வந்திருந்தது. தொடர் கட்டணங்களுக்கு 24 மணி நேரம் முன்பே தெரிவிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. விளம்பரக் குறுஞ்செய்திகளுக்கு நடுவில் நான் அதைக் கவனிக்கவில்லை. அந்த மாதம் ஆயிரத்து எண்ணூறு ரூபாய் எனக்குச் சின்னத் தொகை இல்லை.

இத்தனைக்கும் கூகுள் டிரைவ் செயலிக்குள்ளேயே ஸ்கேன் வசதி இருக்கிறது. ஐபோனில் குறிப்புகள் செயலிக்குள் இருக்கிறது. இரண்டும் இலவசம், இரண்டுமே பிடிஎப் ஆக்கித் தரும்.

மூன்றாம் படி: கடைப் பக்கத்தைப் படிப்பது

பிளே ஸ்டோரில் ஒரு செயலியைத் திறந்ததும் பெயருக்குக் கீழே விளம்பரம் உண்டா, உள்ளே வாங்குவதற்கு ஏதேனும் உண்டா என்று சிறிய எழுத்தில் இருக்கும். ‘இந்தச் செயலியைப் பற்றி’ என்ற பகுதியில் கீழே வரை போனால் உள்ளே விற்கும் பொருட்களின் விலை வரம்பும் தெரியும். ஆனால் அது சந்தாவா, ஒருமுறைக் கட்டணமா என்பதை அந்த வரி சொல்லாது. செயலியை நிறுவி, ‘புரோ’ அல்லது ‘பிரீமியம்’ என்ற பொத்தானைத் தொட்டு, விலைக்குப் பக்கத்தில் மாதம், ஆண்டு என்ற சொல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்ப்பதற்குக் காசு இல்லை, கடைசி உறுதிப் பொத்தானை அழுத்தாத வரை எதுவும் போகாது.

சில செயலிகள் மூன்றையும் வைத்திருக்கும்: மாதம், ஆண்டு, வாழ்நாள். ஆண்டுத் திட்டத்துக்குத்தான் பெரிய பொத்தான் இருக்கும். வாழ்நாள் திட்டம் எங்கேயோ சிறிய எழுத்தில் கிடக்கும். அதைத் தேடுங்கள். மாதம் 99 ரூபாய், ஒருமுறைக்கு 400 ரூபாய் என்றால் ஐந்தாவது மாதத்திலேயே ஒருமுறைக் கட்டணம் லாபம்.

கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்ற தேதியையும் பாருங்கள். இரண்டு ஆண்டுகளாகத் தொடாத செயலி, அடுத்த ஆண்ட்ராய்டு பதிப்பில் ஓடாமல் போகலாம். வாங்க நினைப்பதை விருப்பப் பட்டியலில் போட்டு வைத்தால் பண்டிகைச் சமயத்தில் விலை இறங்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். இந்தியாவில் செயலிக்கு வைக்கக்கூடிய குறைந்தபட்ச விலையை 2015-இல் கூகுள் 50 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் குறைத்தது. அதனால் தள்ளுபடி நாட்களில் மிகக் குறைந்த விலைக்கும் சில நல்ல செயலிகள் வரும்.

நான்காம் படி: உழைக்கவிட்டுப் பாருங்கள்

நல்ல செயலிகளில் பெரும்பாலானவை ஒன்று சோதனைக் காலம் தருகின்றன, இல்லையென்றால் இலவசப் பதிப்பு தருகின்றன. ஒரு வாரமாவது உண்மையான வேலையில் போடுங்கள். வாரத்தில் மூன்று நாளாவது கை அதைத் தேடிப் போகவில்லையென்றால் வாங்காதீர்கள். நான் இந்த ஒரு கணக்கை வைத்தே பத்துக்கு எட்டைக் கழித்துவிடுகிறேன்.

மிஞ்சியவற்றில் சிலவற்றைச் சொல்கிறேன்.

சாலிட் எக்ஸ்ப்ளோரர் என்ற கோப்பு மேலாளர் என் அன்றாடத் துணை. போனின் நினைவகம், மெமரி கார்டு, கூகுள் டிரைவ், அலுவலகக் கணினியில் பகிர்ந்து வைத்த கோப்புறை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் காட்டும். கிடைமட்டமாகப் போனைத் திருப்பினால் இரண்டு பலகைகள் பக்கத்துப் பக்கத்தில் வரும். எங்கள் கம்பெனியில் பனியன் வாங்குபவர் அனுப்பிய டிசைன் கோப்புகளை ஒரு பலகையிலிருந்து இன்னொன்றுக்கு இழுத்துவிடலாம். இரண்டு வாரச் சோதனை, பிறகு ஒருமுறைக் கட்டணம். வாட்ஸ்அப் படங்களை மட்டும் பார்ப்பவருக்கு இது தேவையில்லை, கூகுளின் பைல்ஸ் போதும்.

மேக்ரோடிராய்டு வேறு வகை. ‘இது நடந்தால் அதைச் செய்’ என்று போனுக்குச் சொல்லிக் கொடுக்கும் செயலி. மாமாவின் தறிக்கூடத்தில் இதைத்தான் வைத்தேன். அங்கே ஒரு பழைய போன் சும்மா கிடந்தது. அதைச் சார்ஜரில் செருகி, சார்ஜர் மின்சாரம் நின்றால் மாமாவின் எண்ணுக்குக் குறுஞ்செய்தி, வந்தால் இன்னொரு குறுஞ்செய்தி என்று இரண்டு விதிகள் எழுதினேன். இரவு ஷிப்டில் கரண்ட் போனதும் வந்ததும் வீட்டில் இருந்தபடியே தெரிகிறது. அந்தப் போனின் சிம்மில் குறுஞ்செய்தி அனுப்பும் ரீசார்ஜ் இருக்க வேண்டும். போனின் அமைப்பில் இந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்க வேண்டும், இல்லாவிட்டால் போன் அதைத் தூங்க வைத்துவிடும். தறிக்கூடத்தில் பஞ்சு பறக்கும், ஆகவே காற்று புகும்படி ஒரு வலைப்பெட்டிக்குள் வையுங்கள். எப்போதும் சார்ஜில் கிடக்கும் பழைய பேட்டரி உப்பலாம், மாதம் ஒருமுறை பின்மூடியைப் பாருங்கள். இலவசப் பதிப்பில் சில விதிகள் மட்டுமே எழுத முடியும், விளம்பரமும் வரும். மாமாவுக்கு இரண்டு விதிகள் போதும் என்பதால் காசு கொடுக்க வேண்டாம் என்றேன். அவரோ ஒரு வாரத்தில் மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது என்று கேட்டுக்கொண்டே வந்தார். வாட்ஸ்அப்புக்கு மேல் எதையும் தொடாதவர், இப்போது தானே விதி எழுதுகிறார். அதன் பிறகு புரோ பதிப்பை ஒருமுறைக் கட்டணத்தில் வாங்கிக் கொடுத்தேன். இதே வேலையை இன்னும் ஆழமாகச் செய்யும் டாஸ்கர் முதலிலேயே பணம் கேட்கும். புதியவர்களுக்கு அது கடினம்.

பாட்டுக்கு பவர்ஆம்ப். மெமரி கார்டு நிறையப் பாட்டு வைத்துக்கொண்டு ஈரோடு, கரூர் என்று பஸ்ஸில் அலைபவர்களுக்கு ஏற்றது. இணையம் வேண்டாம், ஒலிச் சீரமைப்பு மிக நுட்பமானது, சோதனைக் காலமும் உண்டு. இணையத்தில் பாட்டுக் கேட்பவருக்கு இதனால் பயனில்லை.

என் தங்கை மகள் கோவையில் பாட்டு வகுப்புக்குப் போகிறாள். அவளுடைய ஐபோனில் ஐதபலாபுரோ வாங்கினோம். தம்புராவும் தபேலாவும் சேர்ந்த செயலி, ஒருமுறைக் கட்டணம்தான். கர்னாடகப் பாட்டுக்குத் தபேலா தேவைப்படுவதில்லை, தம்புரா ஒலிக்காகவே வாங்கினோம். மின்சாரச் சுருதிப்பெட்டி ஒன்றின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விடிகாலையில் அவள் சுருதி வைத்துப் பாடும்போது இந்தச் செலவு கணக்கிலேயே வருவதில்லை.

தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு ஆங்கி. மறந்துபோகும் தறுவாயில் கேள்வியைத் திரும்பக் கேட்டு மனப்பாடமாக்கும் அட்டைகள் இதில் உண்டு. ஆண்ட்ராய்டில் ஆங்கிடிராய்டு தன்னார்வலர்கள் உருவாக்கியது, முழுக்க இலவசம். ஐபோனில் மட்டும் ஒருமுறைக் கட்டணம், விலை கொஞ்சம் அதிகம். கணினிக்கான ஆங்கி இலவசமாகத் தொடர்வதற்கு அந்தப் பணம்தான் துணையாக இருக்கிறது. டிஎன்பிஎஸ்சிக்குத் தயாராகிறவர், கையில் இருப்பது ஆண்ட்ராய்டு போன் என்றால் ஒரு ரூபாயும் செலவழிக்காதீர்கள்.

மின்னூல் படிக்க ரீட்எரா. இலவசப் பதிப்பிலேயே விளம்பரம் இல்லை, பிரீமியம் ஒருமுறைதான். தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும், 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்களை இறக்கி இதில் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம். கண் மங்கிய என் அப்பாரு திருக்குறளை இப்படித்தான் படிக்கிறார்.

வால்பாறை மலையில் ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். வழியில் சிக்னல் போய்விடும். அதற்காகக் கட்டண வரைபடம் வேண்டுமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். கூகுள் மேப்ஸிலேயே அந்தப் பகுதியை முன்னரே இறக்கி வைக்கலாம், ஆர்கானிக் மேப்ஸும் இலவசம். மலையேறுகிறவர், உயரக் கோடுகள் வேண்டும் என்பவர் மட்டும் ஆஸ்ம்ஆண்ட் பிளஸ் என்ற கட்டண வரைபடத்தின் பக்கம் போகலாம்.

குழந்தைகளுக்கு விளையாட்டு வாங்குவதானால் மானுமெண்ட் வேலி, ஸ்டார்டியூ வேலி போன்றவை ஒருமுறைக் கட்டணத்தில் கிடைக்கும், நடுவில் விளம்பரம் வராது. மைன்கிராப்டும் ஒருமுறைதான், ஆனால் அதற்குள் நாணயங்களை விற்கும் சந்தை ஒன்று இருக்கிறது. பிளே ஸ்டோர் அமைப்பில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி வைத்துவிட்டுப் போனைப் பிள்ளையிடம் கொடுங்கள்.

ஐந்தாம் படி: பணம் கொடுப்பது

பிளே ஸ்டோரில் யூபிஐ, கார்டு, ரீசார்ஜ் கோடு மூன்றும் செல்லும். யூபிஐ எளிது. பின் எண் அழுத்தும் முன் திரையை ஒருமுறை படியுங்கள். ஒருமுறை வாங்கும் செயலிக்கு, தவணைதோறும் தானாகப் பணம் பிடிப்பதைக் குறிக்கும் ஆட்டோபே என்ற சொல்லே வரக்கூடாது. வந்தால் அது சந்தா, பின்வாங்கிவிடுங்கள்.

பணம் எப்போதும் கடையின் வழியாகத்தான் போக வேண்டும். ‘பிரீமியம் இலவசம்’ என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பை, அதாவது கடைக்கு வெளியே நேரடியாகச் செயலியை நிறுவும் கோப்பை, நிறுவாதீர்கள். கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதச் சீட்டு என்ற பெயரிலும் இப்படிக் கோப்புகள் வந்து வங்கிக் கணக்கைக் காலி செய்கின்றன. நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய்ச் சேமிப்பையே இழக்க நேரும். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

பிளே ஸ்டோரில் வாங்கி 48 மணி நேரத்துக்குள் பிடிக்கவில்லையென்றால் கூகுளிடமே பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அதனால் வெள்ளிக்கிழமை மாலை வாங்குவது என் வழக்கம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் போட்டுப் பார்க்க நேரம் கிடைக்கிறது.

வாழ்நாள் என்றால் யாருடைய வாழ்நாள்?

இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒருமுறைக் கட்டணம் என்பது செயலி இருக்கும் வரை. டார்க் ஸ்கை என்ற வானிலைச் செயலியை ஐபோனில் பலர் ஒருமுறைக் கட்டணத்தில் வாங்கினார்கள். 2020 மார்ச்சில் ஆப்பிள் அந்த நிறுவனத்தை வாங்கியது, 2022 முடிவோடு செயலி நின்றது. வானிலைத் தகவல் நிறுவனத்தின் கணினியிலிருந்து வர வேண்டியிருந்ததால், போனில் இருந்தும் அது வெறும் கூடாகிவிட்டது. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தபோது கேம்ஸ்கேனர் என்ற ஸ்கேன் செயலியும் ஈஎஸ் பைல் எக்ஸ்ப்ளோரர் என்ற கோப்பு மேலாளரும் அந்தப் பட்டியலில் இருந்தன. சிம்பிள் மொபைல் டூல்ஸ் என்ற நல்ல செயலித் தொகுப்பு 2023 இறுதியில் வேறொரு நிறுவனத்துக்குக் கைமாறியது. அதன் நிரல் யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த நிரலாக இருந்ததால் ஆர்வலர்கள் பாசிபை என்ற பெயரில் அதைத் தொடர்கிறார்கள், அதுவும் இலவசமாக.

ஆகவே இணையமில்லாமலும் ஓடும் செயலிக்கு முன்னுரிமை கொடுங்கள். விமானப் பயன்முறையைப் போட்டுத் திறந்து பாருங்கள், வேலை செய்கிறதா என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். செயலிக்குள் எழுதுவதையும் சேர்ப்பதையும் வெளியே எடுக்க வழி இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

வீட்டில் ஒருவர் வாங்கினால்

கூகுளின் குடும்பத் தொகுப்பில் உங்களையும் சேர்த்து ஆறு பேர் வரை இருக்கலாம். முதலிலேயே விலை கொடுத்து இறக்கும் செயலிகளை எல்லோரும் பகிர்ந்துகொள்ளலாம். இலவசமாக இறக்கி உள்ளே பணம் கட்டித் திறந்தவை பகிரப்படாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் நான்கு போன்களுக்கும் சேர்த்து வாங்கிவிட்டதாக நினைப்பவர்கள் நிறைய. ஆண்ட்ராய்டில் வாங்கியது ஐபோனுக்கு வராது, இரண்டும் வெவ்வேறு கடைகள்.

போன் மாற்றும்போது பழைய கணக்கிலேயே நுழையுங்கள். பிளே ஸ்டோரிலிருந்து செயலியை மறுபடி இறக்கினால் விலை கேட்காது. உள்ளே பணம் கட்டித் திறந்த செயலியாக இருந்தால், அமைப்புப் பகுதியில் ‘வாங்கியதை மீட்டெடு’ என்ற பொருளில் ஒரு பொத்தான் பெரும்பாலும் இருக்கும். அப்போதும் திறக்கவில்லையென்றால், வாங்கிய அன்று மின்னஞ்சலுக்கு வந்த ரசீதில் ஓர் ஆர்டர் எண் இருக்கும். அந்த எண்ணைச் செயலியை உருவாக்கியவருக்கு எழுதி அனுப்புங்கள், அவர் முகவரி கடைப் பக்கத்தின் கீழே இருக்கிறது. நான் ரசீதுகளுக்கென்று மின்னஞ்சலில் தனிப் பெட்டி ஒன்று வைத்திருக்கிறேன். மாமாவுக்கு அது ஒத்துவராது என்பதால், அவருடைய மூன்று ரசீதுகளையும் அச்செடுத்து, பீரோவில் அந்தக் கணக்குப் புத்தகத்துக்குள்ளேயே செருகி வைத்துவிட்டு வந்தேன்.